குடைக்கு முப்பத்தொரு கோடுகள்

சிங்கராயர் பவுல்சாமி, 1869–1938. சாந்தோமில் பிறந்தார், அங்கேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பௌதிகமும் கணிதமும் கற்பித்தார், 1924-இல் ஓய்வு பெற்றார். இம்மூன்று செய்திகளோடு தம் வரலாறு முடிந்துவிடும் என்றே அவரும் நம்பியிருந்தார். "என்னைப் பற்றி எழுத விரும்புவோருக்கு ஓர் அஞ்சலட்டை போதும், முகவரிக்கும் இடம் மிஞ்சும்" என்பார்.

அந்த அட்டையில் இடம் போதாமற் செய்தது வெல்லம்.

1929 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை மாலை அடையாற்றுப் பாலத்தை நோக்கி அவர் உலாவப் போய்க்கொண்டிருந்தார். முன்னே ஒரு கட்டைவண்டி நனைந்த வெல்லக் கோணிகளை ஏற்றிக்கொண்டு சென்றது. அந்த வாடை மூக்கில் ஏறிய நொடியில், திருச்சிராப்பள்ளி விடுதியில் தம்முடன் தங்கிப் படித்த ஒருவன் தலையணைக்குள் அச்சுவெல்லம் ஒளித்துவைத்ததும், எறும்புச்சாரி அவனைக் காட்டிக்கொடுத்ததும், அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு "எறும்புக்கு ஜுரம் சார்" என்று உளறியதும் பவுல்சாமியின் கண்முன் வந்து நின்றன. நாற்பது ஆண்டுகளாக அவர் அவனை நினைத்ததில்லை. பெயர்கூட மறந்துவிட்டது. அவனை இப்போது யார் அழைத்தது?

வேறொருவராயிருந்தால் சிரித்துவிட்டு நடந்திருப்பார். பவுல்சாமி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து யோசித்தார். மழையை அளக்கிறோம், காற்றை அளக்கிறோம். ஒரு மனிதனுக்குள் ஒரு நாளில் எத்தனை பழைய நினைவுகள் தாமாக வந்து விழுகின்றன என்று எவராவது அளந்ததுண்டா? இல்லையென்றால் அளந்தாக வேண்டும். ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியனுக்கு வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம் என்பதை அவர் முதல் நோட்டின் முதற்பக்கத்திலேயே நேர்மையாக எழுதிவைத்தார்.

நோட்டு என்றதும் அவர் போய் நின்றது கச்சேரி சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த குலாம் ரசூலின் புத்தக பைண்டிங் கடையில். பள்ளிக்கூடத்து நூல்களையெல்லாம் இருபது ஆண்டுகளாகத் தைத்துக் கட்டிக்கொடுத்தவர் ரசூல். சட்டைப் பையில் அடங்க வேண்டும், மழைக்குத் தாங்க வேண்டும், பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு பத்திகளுக்குக் கோடு போட வேண்டும் என்றார் பவுல்சாமி.

"ஆறு பத்தியா? இன்னா எழுதப் போறீங்க வாத்தியாரே?"

"நேரம், இடம், அப்போது கை செய்துகொண்டிருந்த வேலை, நினைவைக் கொணர்ந்தது எது, வந்த நினைவு எது, மனநிலை எப்படி."

ரசூல் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாபகம் போவுதுன்னு வைத்தியர்கிட்ட போறவங்களைப் பார்த்துக்கீறேன். ஞாபகம் வருதுன்னு பைண்டர்கிட்ட வந்தவர் நீங்க ஒருத்தர்தான்."

விதி ஒன்றே ஒன்று. தானாக வந்த நினைவுக்கு மட்டுமே நோட்டில் இடம். முயன்று வரவழைத்தது, பிறர் கேட்டதால் நினைத்தது, நாள்பார்த்து நினைத்தது அனைத்தும் 'அழைத்த வருகை', அவை தள்ளுபடி. இவ்விதியில் பவுல்சாமி இரும்பாக நின்றார். நவம்பர் இரண்டாம் தேதி, மரித்தோர் நினைவுநாளில், மனைவி ஃப்ளோராவுடன் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார், மெழுகுவத்தி ஏற்றுவார், கண் கலங்குவார். திரும்பி வந்து நோட்டில் எதுவும் எழுதமாட்டார். கல்லறைக்குப் போய் நினைப்பது, தபால்காரனை வீட்டுக்குப் போய் அழைத்துவந்து கடிதம் வந்தது என்று சொல்வதைப் போன்றது என்பது அவர் வாதம்.

நான்கு ஆண்டுகளில் அவ்வாராய்ச்சி அவரை எந்தெந்தக் கோலத்துக்கு ஆளாக்கிற்று என்பதற்கு அவருடைய நோட்டுகளே சாட்சி. லஸ் முனையில் தண்டவாளத்தின்மேல் நின்று எழுதியதால் டிராம் வண்டியை நிறுத்திய பெருமை அவருக்கு உண்டு. 'மனநிலை: மகிழ்ச்சி. டிராம் ஓட்டுநரின் மனநிலை: வேறு' என்று அதே பக்கத்தில் பதிந்திருக்கிறார். சவரக் கத்தி பாதி கன்னத்தில் இருக்கையில் ஒரு நினைவு வந்து, எழுதி முடித்து, மறு பாதியை மறந்து கடைத்தெரு வரை போய்வந்தார். வஞ்சிரம் வாங்கப் போன இடத்தில், மீன்காரியின் தராசுத் தட்டு எழுப்பிய ஓசை அவரை 1881-க்கு இட்டுச் சென்றது. வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"மீன் எங்கே?" என்றார் ஃப்ளோரா.

"மீன் வாங்கவில்லை. ஆனால் மிகச் சிறந்த பதிவு ஒன்று கிடைத்தது."

"அப்ப அதையே கொழம்பு வெச்சித் தரேன், துன்னுங்க."

மூன்றாம் நோட்டில் இன்னொரு சங்கடம் தலைகாட்டியது. பழைய நினைவை எழுதப் பென்சிலை எடுத்தால், முன்பு அதே இடத்தில் பென்சிலை எடுத்த நினைவு வந்தது. ஆராய்ச்சியே ஆராய்ச்சியை நினைவூட்டிய இத்தகைய முப்பத்தெட்டுப் பதிவுகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'நாய் தன் வாலைக் கண்டுபிடித்திருக்கிறது' என்று ஓரத்தில் குறித்தார்.

இவற்றைவிட அவரைச் சங்கடப்படுத்தியது நினைவுகளின் தரம். தம் மனத்துக்குள் ஓர் அறிஞரின் நூலகம் இருப்பதாக அவர் எண்ணியிருந்தார். திறந்து பார்த்தால் பழைய இரும்புக்கடை. ஒரு தலைமையாசிரியரின் குடை, காம்பு வளைந்த கறுப்புக் குடை, வாரம் தவறினாலும் மாதம் தவறாமல் வந்தது. விடுதி வெல்லம் வந்தது. அனுமதிச் சீட்டைத் தின்றுவிட்ட ஆடு வந்தது. நியூட்டனின் விதிகளைக் கற்பித்த முப்பத்துநான்கு ஆண்டுகளில் ஒரு விதியாவது தானாக வந்ததில்லை. 'இந்த மனத்தை வைத்துக்கொண்டு ஊதியம் வாங்கினேன்' என்று 1932 மார்ச் மாதத்தில் எழுதியிருக்கிறார்.

1933 அக்டோபரில், தியாகராய நகரில் ஓய்வுபெற்றோர் சிலர் நடத்திவந்த அறிவு வளர்ச்சிக் கழகத்தின் செயலாளர் தங்கவேல் அவரைத் தேடி வந்தார். கட்டட மேற்பார்வையாளராக இருந்தவர்; எதையும் அளவு சொல்லிப் பேசுகிறவர். டிசம்பர் 16 சனிக்கிழமை மாலை, நாற்பது நிமிடக் கட்டுரை, ஆண்டவன் அருளால் ஐம்பது பேர் வருவார்கள் என்றார். பவுல்சாமிக்கு உள்ளூர உச்சி குளிர்ந்தது. வெளியே, "படிக்கத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே அட்டவணைக்குக் கோடு போட உட்கார்ந்தார்.

எட்டு நோட்டுகள், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். யார் யார், எது எது எத்தனை முறை வந்தது என்று எண்ண வேண்டும். ஃப்ளோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பதிவாகப் படிப்பார். பவுல்சாமி பெரிய தாளில் அந்தந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுப்பார். மதிய உணவுக்குப் பின் தினமும் இரண்டு மணி நேரம், மூன்று வாரம் நடந்தது. ஆடு வந்த இடங்களில் ஃப்ளோரா படிக்க முடியாமல் சிரித்தார். அவருக்கும் அந்த வேலை பிடித்திருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. கடைசி நோட்டின் கடைசிப் பதிவு முடிந்தது. ஃப்ளோரா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம மர்சலினுக்கு எத்தனை கோடு?"

மர்சலின் அவர்களுடைய ஒரே மகள். 1908-இல், ஒன்பதாம் வயதில், விஷ ஜுரத்தில் இறந்தாள்.

பவுல்சாமி தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீழிருந்து மேல்வரை பார்த்தார். அந்தப் பெயருக்கென்று ஒரு வரியே இல்லை.

"அது... அழையாமல் வந்தவை மட்டுமே..."

"அம்மாவுக்கு?"

"பதினான்கு."

"ஆட்டுக்கு?"

"ஃப்ளோரா..."

"குடைக்கு முப்பத்தொண்ணு," என்றார் ஃப்ளோரா. அதை அவரே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். "குடைக்கு முப்பத்தொண்ணு." நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று முதல் அவர் கணவரிடம் தேவைக்கு மட்டும் பேசினார். சாப்பாடு வேளைக்கு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு வரவில்லை. பவுல்சாமி எட்டு நோட்டுகளையும் இரண்டு முறை மறுபடி படித்தார். தவறு கிடைத்தால் கொண்டாடியிருப்பார். கிடைக்கவில்லை. பெற்ற மகளைவிட வளைந்த காம்பைப் பெரிதாகப் போற்றிய தந்தை என்று அவருடைய சொந்தக் கையெழுத்தே அவரைக் குற்றம் சாட்டியது. அந்தக் குற்றச்சாட்டை நிறுவ அவரே நான்கு ஆண்டுகள் பாடுபட்டிருந்தார்.

பொய்ப் பதிவு ஒன்று எழுதிவிடலாம் என்ற எண்ணம் ஒரு காலைப் பொழுது முழுவதும் அவரை ஆட்டியது. எழுதவில்லை, நேர்மையால் என்று சொல்ல அவருக்கே துணிவில்லை, ஃப்ளோரா கண்டுபிடித்துவிடுவார் என்ற அச்சத்தால். பிறகு, மர்சலின் படித்த கன்னியர் பள்ளியைச் சுற்றி நான்கு நாள் நடந்தார். அவள் கேட்டு அழுத இலந்தை வடையை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. திருடன் வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விழித்திருப்பவன் வீட்டுக்குத் திருடன் வருவதில்லை என்பதைப் பௌதிகம் படித்தவர் அறுபத்துநான்காம் வயதில் இலந்தை வடையும் கையுமாகக் கண்டுகொண்டார்.

நவம்பர் கடைசியில், நோட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதற்காக ரசூலின் கடைக்குப் போனார். முகத்தைப் பார்த்ததும் ரசூல் முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இன்னா வாத்தியாரே, மொகம் செத்துப்போய்க் கீது?"

பவுல்சாமி சொன்னார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். ரசூல் எட்டாம் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை காலையில ஒண்ணுமே இல்லியே. எல்லா ஞாயித்துக்கெழமையும் இப்பிடித்தானா?"

"பூசைக்குப் போகும்போது நோட்டு எதற்கு? வீட்டில் வைத்துவிட்டுப் போவேன்."

"சாயங்காலம் ஏழு மணிக்கும் ஒண்ணும் இல்லியே, எந்த நாளும்?"

"அது ஜெபமாலை நேரம்."

ரசூல் உதட்டைப் பிதுக்கினார். "எனக்குன்னா, மறந்துபோன சமாச்சாரம் அத்தினியும் நமாஸ்ல நிக்கறப்பதான் வரும். ஊசி வெச்ச எடம், செத்துப்போன அண்ணன் சிரிச்சது, எல்லாம் அங்கதான். அல்லா மன்னிக்கட்டும். கடையில ஒக்காந்தா ஒண்ணும் வராது. உங்களுக்கு அங்க வராதா?"

"வரும். ஆனால் அது பராக்கு," என்றார் பவுல்சாமி.

சொன்னபின்தான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் பராக்கு என்ற சொல்லைக் குழந்தைக்கும் தெரியும். ஜெபத்தின் நடுவே மனம் வேறு பக்கம் ஓடுவது பராக்கு. ஓடினால் இழுத்துவந்து நிறுத்த வேண்டும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும். பவுல்சாமி கணித ஆசிரியர். ஆகையால் தொகையோடு சொல்வார். 'ஜெபமாலையில் பராக்கு, இவ்வாரம் பதினேழு முறை.' பராக்கில் என்ன வந்தது என்று சாமியாரும் கேட்டதில்லை. அவரும் நின்று பார்த்ததில்லை. கொசுவை விரட்டுவது போல் விரட்டிவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுவார்.

இப்போது, பசை வாடை அடிக்கும் அந்தக் கடையில், முதல் முறையாக நின்று பார்த்தார். ஜெபமாலையில் ஒரே ஜெபத்தைப் பத்துப் பத்தாக ஐந்து தடவை சொல்வார்கள்; அதில் மூன்றாம் பத்து. மங்கள வார்த்தை ஜெபத்தின் முற்பாதியை அவர் சொல்ல, பிற்பாதியை ஃப்ளோரா சொல்வார். ஃப்ளோராவின் குரலுக்கு ஓர் இழை முன்னதாக இன்னொரு குரல், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் சொற்களை விழுங்கிக்கொண்டு, முந்தி ஓடும். மர்சலின் அப்படித்தான் ஜெபிப்பாள். மூன்றாம் பத்தில்தான் அவளுக்குப் பசி வரும். இருபத்தைந்து ஆண்டுகளாக அவள் அநேகமாக ஒவ்வொரு மாலையும் வந்துகொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு மாலையும் அவளை விரட்டிவிட்டு, சனிக்கிழமைதோறும் பாவமென்று எண்ணிக்கை சொல்லி மன்னிப்பும் பெற்றுவந்திருக்கிறார்.

ஆனால் சான்று எங்கே? சான்றில்லாததை ஃப்ளோராவிடம் எப்படிச் சொல்வது? டிசம்பர் 2, சனிக்கிழமை, பவுல்சாமி பங்குச் சாமியாரின் அறைக்குப் போய், தம்முடைய பராக்குகளின் வாராந்தரத் தொகை சாமியாருக்கு நினைவிருக்குமா என்று பணிவுடன் கேட்டார்.

சாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதையா கேட்கிறீர்?"

"சொன்னவன் நானே சாமி."

"சொன்னவர் கேட்டாலும் கிடையாது. அரசர் கேட்டாலும் கிடையாது. அந்த இரகசியத்துக்காக உயிரை விட்ட குருக்கள் உண்டு. உம்முடைய புள்ளிவிவரத்துக்காக நான் நரகத்துக்குப் போகவா?"

"பன்னிரண்டா, பதினேழா என்று தோராயமாக..."

"பவுல்சாமி!"

"மன்னியுங்கள் சாமி."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் என்னிடம் சொன்னதாக எதையும் நான் அறியேன். பொதுவாக ஒன்று சொல்கிறேன். வேண்டுமென்று வரவழைத்த பராக்குதான் பாவம். தானாக வந்தது பாவமில்லை. புதுநன்மை வாங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கே இதைச் சொல்லித் தருகிறோம்."

பவுல்சாமி வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். தானாக வந்தது, வரவழைத்தது. அவருடைய நோட்டின் ஒரே விதி. அவ்விதியை அவர் தாமே கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டிருந்தார். அது ஏழு வயதுப் பிள்ளைக்கான பாடத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய ஒரே இடத்தில் அவர் பயன்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ளோராவிடம் எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னார். ஃப்ளோரா முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"எழுதினதுதான் நெசம்னு நாலு வருசம் சொன்னீங்க. இப்ப எழுதாததை நம்புன்றீங்க."

"நம்ப வேண்டாம். சோதித்துப் பார்."

"நானா?"

"ஜெபமாலையின்போது நோட்டை நீ வைத்துக்கொள். அவள் வந்தால் நான் ஆள்காட்டி விரலைத் தூக்குகிறேன். நீ கோடு போடு."

ஃப்ளோரா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "ஜெபத்துல பென்சில் புடிக்கற பாவம் எனக்கா?"

"அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்."

டிசம்பர் 3, ஞாயிறு மாலை சோதனை தொடங்கியது. விரல் எழவில்லை. திங்களும் எழவில்லை. பவுல்சாமி மூன்றாம் பத்து வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஃப்ளோராவின் குரல் ஒன்றுதான் கேட்டது. இருபத்தைந்து ஆண்டு விரட்டியும் வந்தவள், பாய்விரித்துக் காத்திருந்தபோது வரவில்லை. பத்து நாள் கழிந்தது. நோட்டில் தேதிகள் மட்டும் இருந்தன. பத்தாம் நாள் ஃப்ளோரா பென்சிலை மடியில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலாம் என்று பவுல்சாமிக்குப் பட்டது.

பதினோராம் நாள், டிசம்பர் 13, புதன்கிழமை. அன்று பிற்பகல் தங்கவேலிடமிருந்து கடிதம் வந்திருந்தது: நாற்பது நிமிடத்தை இருபத்தைந்தாகக் குறைக்க வேண்டும், முன்னதாகச் செங்கல் பற்றி ஒருவர் பேசுகிறார். பவுல்சாமிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஜெபமாலையைத் தொடங்கிய பிறகும் கட்டுரையின் எந்தப் பகுதியை வெட்டுவது என்று மனம் அலைந்தது. அவர் மணிமாலை வைத்துக்கொள்வதில்லை. கணித ஆசிரியனுக்கு மணி எதற்கு என்று விரற்கணுக்களில் எண்ணுவார். முதற்பத்து போயிற்று, இரண்டாம் பத்து போயிற்று, மூன்றாம் பத்து எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. ஐந்தும் முடிந்து, பிரார்த்தனை முடிந்து, சிலுவை அடையாளம் போட்டபின் அவர் எழாமல் உட்கார்ந்திருந்தார்.

"பதிமூணு," என்றார் ஃப்ளோரா.

"என்ன பதின்மூன்று?"

"மூணாம் பத்துல பத்து மங்கள வார்த்தை சொல்லணும். பதிமூணு சொன்னீங்க."

"நீ நிறுத்தியிருக்கலாமே."

"எப்பவும் நிறுத்தினதில்ல. பதினொண்ணு சொல்லுவீங்க, பன்னெண்டு சொல்லுவீங்க, நானும் பதில் சொல்லிக்கினே இருப்பேன். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக்குடுத்த மனுசனுக்குப் பத்து எண்ணத் தெரியலியேன்னு நெனைச்சுக்குவேன். இந்தப் பத்து நாளா மட்டும் சரியா பத்து." ஃப்ளோரா அவரை உற்றுப் பார்த்தார். "வந்தாளா?"

பவுல்சாமி தலையசைத்தார். "உனக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னாள்."

"விரலைத் தூக்கலியே?"

"மறந்துவிட்டேன்."

"அப்ப நெசம்தான்," என்று சொல்லி, ஃப்ளோரா நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு கோடு இழுத்தார். மெல்லிய கோடு, பென்சில் பழகாத கை. பிறகு, "மீன் ஆறிப்போவுது, எழுந்திருங்க," என்றார். ஒரு மாதத்துக்குப் பின் அவராகச் சொன்ன, தேவைக்கு மேற்பட்ட முதல் வார்த்தை அது.

சனிக்கிழமை தியாகராய நகரில் மழை. ஐம்பது பேர் என்ற இடத்தில் பதினேழு பேர் வந்தார்கள். செங்கல் பற்றிய பேச்சு நீண்டதால் கட்டுரைக்குப் பத்தொன்பது நிமிடமே கிடைத்தது. அட்டவணையை அவர் திருத்தாமல் படித்தார். தாய் பதினான்கு, குடை முப்பத்தொன்று, கடைசி வரியில் மர்சலின் ஒன்று. நினைவில் மகளைவிடக் குடை ஓங்கி நிற்பதற்கு விஞ்ஞான விளக்கம் உண்டா என்று தங்கவேல் கேட்டார்.

"உண்டு. குடை வந்தபோதெல்லாம் நின்று வரவேற்று எழுதிக்கொண்டேன். மகள் வந்தபோதெல்லாம் போ என்றேன். எண்ணிக்கை என்னுடைய மரியாதையைக் காட்டுகிறது. வந்தவர்களின் வருகையை அல்ல. இதைக் கண்டுபிடிக்க எட்டு நோட்டுகள் தேவைப்பட்டன. உங்களில் எவரேனும் ஒரே நோட்டில் முடிக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அதன்பின் பவுல்சாமி பகல் நோட்டு எழுதவில்லை. டிராம் வண்டிகள் தடையின்றி ஓடின. சனிக்கிழமைகளில் தொகை சொல்வதையும் விட்டுவிட்டார். ஒன்பதாம் நோட்டு முழுவதும் ஃப்ளோராவின் கையெழுத்தில் இருக்கிறது. அதில் பத்திகள் இரண்டே: தேதி, மூன்றாம் பத்தின் எண்ணிக்கை. பத்து என்று இருக்கும் நாள்கள் உண்டு. ஒன்பது என்றும் இரண்டு முறை இருக்கிறது, அதற்கு விளக்கமில்லை. பவுல்சாமி அதைக் கேட்டுப் பார்த்ததில்லை. தெரிந்தால் எண்ணத் தொடங்கிவிடுவேன் என்றார்.

அந்த நோட்டின் கடைசிப் பதிவின்படி, 1938 பிப்ரவரி 19, சனிக்கிழமை மாலை, மூன்றாம் பத்தில் அவர் பன்னிரண்டு மங்கள வார்த்தை சொன்னார்.